ஏழு தடவை எழுதிய கடிதம்

என் பதவிப் பெயர் விசிட்டிங் கார்டில் இரண்டு வரி பிடிக்கும்: தகவல் தொடர்புத் திட்டமிடல் மற்றும் ஆய்வுப் பிரிவுத் தலைவர். குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனம் எங்களுடையது. எதைக் காட்டினால் நன்கொடையாளர்களுக்கு மனம் இளகும் என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. எங்கள் இயக்குநர் குழந்தைகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். நிஜக் குழந்தை எதிரே வந்தால் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார், ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்று.

போன வருடம் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் நான்தான். அறுநூறு நன்கொடையாளர்களிடம் இரண்டு கடிதங்களைக் காட்டினோம். வாசகம் ஒன்றே. ஒன்று முத்து முத்தான எழுத்து, மற்றது கோழி கிளறியது. கோழிதான் ஜெயித்தது. அதைத் திரையில் கலர் கலராகப் போட்டுக் காட்டிக் கைதட்டலும் வாங்கினேன்.

இந்த வருடம் நன்கொடை கேட்டு அனுப்பும் தபாலுக்கு, எங்கள் மாலை வகுப்பில் படிக்கும் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி கடிதம் எழுதியிருந்தாள். எதற்கும் காரணம் கேட்பாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். மூன்று வருடம் முன்பு பென்சில் பிடிக்கத் தெரியாமல் வந்தவள். ஏழு தடவை எழுதி ஏழாவதை அனுப்பியிருந்தாள். ஓர் அடித்தல் இல்லை. அச்சில் வரப்போகிறது என்று அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

இயக்குநர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னங்க இது, பேங்க் மேனேஜர் எழுதின மாதிரி இருக்கு? ஏழைக் குழந்தைன்னு எவன் நம்புவான்? உங்க ஆய்வே என்ன சொல்லுது?"

"நாமதானே சார் எழுதக் கத்துக்குடுத்தோம்."

"அதை ஆண்டறிக்கையில போடுங்க."

பக்கத்தில் இருந்த டிசைனர் ஒரு ஆமாஞ்சாமி. "நான் வேணா இடது கையால எழுதிடவா சார்?" என்றான்.

"சேச்சே, அது பொய். அந்தப் பொண்ணே எழுதட்டும். நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல."

நான் என்ன கிழித்தேன்? "சரிங்க சார்" என்றேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பில் அந்தக் கடிதத்தோடு வக்கீலின் எதிரே குட்டை நாற்காலியில் மடங்கி உட்கார்ந்தேன்.

"கடிதம் ரொம்ப நல்லாருக்கும்மா. ஆனா, இன்னும் கொஞ்சம் சின்னப் புள்ள எழுதின மாதிரி..."

"தப்பு இருக்காக்கா?"

"தப்பே இல்ல."

"அப்புறம் எதுக்கு மாத்தணும்?"

அறுநூறு பேர், சதவீதம், எல்லாம் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயின. "கோணலா இருந்தாத்தான் பெரியவங்களுக்குப் பாவமா இருக்குமாம். அப்பத்தான் உதவி செய்வாங்களாம்."

அவள் கடிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "இது அம்மாவுக்கு" என்றாள்.

புதுத் தாளை எடுத்து, பென்சிலை முஷ்டியில் பிடித்துக்கொண்டாள். வரிகள் சரிந்தன. இரண்டு இடத்தில் எழுதி அடித்தாள், ஒரு மூலையைக் கசக்கினாள். எனக்கு அறுநூறு பேரும் ஒரு வருடமும் தேவைப்பட்ட விஷயம் அவளுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது.

"போதுமாக்கா? இல்ல, அழுத மாதிரி இங்க ஒரு சொட்டுத் தண்ணி விடவா?"

கிண்டல் இல்லை. செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்று நாங்கள்தானே சொல்லிக்கொடுத்தோம். பதிலுக்குக் காத்திருக்காமல் பாட்டில் மூடியைத் திறந்தாள்.