மூன்றாவது கிளாஸ்

கடையின் பின்னறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தியிருந்தார்கள். மேஜையில் ஒவ்வொருவர் முன்னாலும் ஐந்து கிளாஸ், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கண்ணாடி மூடி. கையைக் கடிக்காத விலையில் ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கியைத் தேர்ந்தெடுத்து, வருஷம் முழுக்க அதையே கடையில் விற்கப்போகிறார்கள்.

கடை தங்கையுடையது, தீர்ப்பு அண்ணனுடையது. ஊரே அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடும். மூடியைத் திறந்ததுமே எந்த மாதிரிப் பீப்பாயில் கிடந்த சரக்கு என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மூக்கு இப்போது சும்மா முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. போன மாதம் வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மனுஷன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் தீர்ப்புச் சொல்லும் அந்த நாற்காலி போய்விடும். நாற்காலி போனபின் மூக்கர் யார்?

கொடுமை என்னவென்றால், சிக்கலே அவர் போட்ட விதியில்தான். ஐந்தில் ஒன்று கெட்டதாக இருக்கும். கார்க் அழுகிய பாட்டிலிலிருந்து ஊற்றியது. வாயில் வைப்பதற்கு முன், முகர்ந்தே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறவிட்டவர் மற்ற கிளாஸ்களுக்குப் போட்ட மார்க்கும் செல்லாது.

"ஆரம்பிக்கலாமாண்ணா?" என்றாள் தங்கை. ஊற்றியது அவள். எதில் எது என்று அவளுக்கு மட்டுமே தெரியும்.

முதல் கிளாஸில் மூக்குக்குள் சுருக்கென்று ஒரு குத்தல், அவ்வளவுதான். இரண்டாவதிலும் அதே குத்தல். ஏதாவது எழும்பி வராதா என்று இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுழற்றினார். ம்ஹும். எதிரே தங்கையின் புருஷன் கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், ஒரு ஹோட்டலுக்குச் சரக்கு வாங்கும் அம்மாள். இருவர் முகத்திலும் ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

மூன்றாவதை எடுத்தபோது தங்கையின் பார்வை அதன்மேல் போனது. அவர் கீழே வைத்த பிறகும் அங்கேயே நின்றது. அப்பாடா! அதுதான் கெட்டது, கூடப்பிறந்தவள் கைவிடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

"முதல்ல நீங்க சொல்லுங்க மச்சான்," என்றார் தங்கை புருஷன்.

"மூணாவது." மூக்கர் குரலைக் கனமாக்கிக்கொண்டார். "நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம். கிட்டக் கொண்டுபோக முடியல."

"அதேதான் மச்சான்! எனக்குக் குமட்டிக்கிட்டே வந்துச்சு."

ஹோட்டலம்மா மூன்றாவதை மறுபடி முகர்ந்தார். "மன்னிக்கணும் சார். எனக்கு அஞ்சுமே நல்லாத்தான் இருக்கு. மூணாவதுல தேன் வாசம் வருது. அதுக்குத்தான் மார்க் கூடப் போட்டிருக்கேன்."

"உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கும்மா," என்று மூக்கர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"இன்னிக்குக் கெட்டது எதையும் நான் வைக்கவே இல்லண்ணா," என்றாள் தங்கை.

மூக்கர் மூன்றாவது கிளாஸை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"காலையில பால் தீஞ்சு வீடே நாறுச்சு. நீ அடுப்புப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தே. அப்பவே பகீர்னுச்சு. நேரா கேட்டா மழுப்பிடுவே. மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது, விலையும் குறைச்சல், அதான் அதையே பார்த்துட்டிருந்தேன். அதைப் போய்... எங்கிட்டக்கூடச் சொல்லலையே!"

அவள் புருஷன் மேஜைத் துணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். குமட்டல் நின்றிருக்க வேண்டும்.

மூக்கருக்குக் காதெல்லாம் எரிந்தது. இத்தனை பேர் நடுவில் மானத்தை வாங்கிவிட்டாளே என்று அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. கத்த வாயைத் திறந்தவர், ஹோட்டலம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சளி என்று யாரைப் பார்த்துச் சொன்னோம்! மெதுவாக எழுந்து தன் நாற்காலியை இழுத்துவிட்டார்.

"இங்க வந்து உக்காருங்கம்மா."

ஹோட்டலம்மா தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். மூக்கர் மூன்றாவது கிளாஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"தேன்னு சொன்னீங்களே," என்றார். "வேற என்னெல்லாம் வருதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."