தனியாக எழுத

மூன்று வருடமாக ஒரு ஈ காக்கை கூட எழுதவில்லை என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அக்கா தங்கை இருவரில் மூத்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவள். வீட்டில், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன கணவர். அவரைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, வருகிற கோபத்தை விழுங்குவது என்று எல்லாவற்றையும் ‘வலப்பக்கம்’ என்ற புனைபெயரில் வலைப்பூவாக எழுதிவந்தாள். அதை அமைத்துக் கொடுத்தது இளையவள். காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ‘தனியாக எழுத’ என்று ஒரு பக்கமும் வைத்தாள். பெயர், மின்னஞ்சல், செய்தி என்று மூன்று கட்டங்கள். நிரப்பி அனுப்பினால் இளையவளுக்குப் போய்ச் சேரும்.

“கண்டவனும் எழுதுவான்க்கா. நான் பாத்துட்டு, நல்லதா இருந்தா உனக்கு அனுப்பறேன்.”

நல்லதாக ஒன்றுமே வரவில்லை போலும். கேட்கும்போதெல்லாம் இளையவள் உதட்டைப் பிதுக்கினாள். யாருக்காக இப்படி மாங்கு மாங்கென்று எழுதுகிறோம் என்று வெறுத்துப்போய், இந்த மாதத்தோடு மூடிவிடுவதென்று மூத்தவள் முடிவெடுத்தாள். மூடுவதற்கு முன், அந்தக் கட்டங்கள் வேலையாவது செய்கின்றனவா என்று பார்க்க நினைத்தாள். மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, புதிதாகத் திறந்த ஒரு மின்னஞ்சலில், இல்லாத ஒரு பெயரில் எழுதி அனுப்பினாள்.

‘மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். சில நாள் வெறுப்பாக வருகிறது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.’

டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

‘அன்புத் தோழி, வெறுப்பு வருவது பாவமில்லை. உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். மருந்தைத் துப்பினார் என்று ஒருநாள் என் கணவரை அடித்திருக்கிறேன். அவருடைய உணர்ச்சியில்லாத கையில்தான் அடித்தேன். வலித்திருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்புடன், வலப்பக்கம்.’

மூத்தவள் அதை இன்னொரு முறை படித்தாள். அதை அவள் வலைப்பூவில் எழுதியதே இல்லை. உலகத்திலேயே ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஈரத் தரையில் உட்கார்ந்து. கூடப்பிறந்தவள் ஆயிற்றே என்று நம்பிச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை இளையவள் வழக்கம்போல அத்தானைப் பார்க்க வந்தாள். மூத்தவள் அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு அடுக்களைக்கு வந்தாள்.

“யாராச்சும் எழுதினாங்களாடி?”

“இல்லக்கா. எழுதினா உன்கிட்ட சொல்ல மாட்டேனா?”

கண் கூட இமைக்கவில்லை மகராசி. மூத்தவள் போனைத் திறந்து அந்தப் பதிலை நீட்டினாள். படித்த இளையவளின் முகத்தில் ஈயாடவில்லை.

“முதல்ல வந்த ரெண்டும் கண்டபடி திட்டுக்கா. நீ ஒடஞ்சு போயிடுவியேன்னு மறைச்சேன். அப்புறம் ஒரு அம்மா அழுது எழுதியிருந்தாங்க. உனக்கு நேரம் ஏது? நானே பதில் போட்டேன். அப்படியே…”

“எத்தனை பேரு?”

“முன்னூறு இருக்கும்.”

“நான் அடிச்சத எத்தனை பேருகிட்ட சொன்ன?”

இளையவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். “அதச் சொன்னாத்தான்க்கா அவங்க மனசு விட்டுப் பேசறாங்க. நெறைய பேருக்கு அதுதான் ஆறுதல்.”

இதற்குக் கன்னத்தில் நாலு அறை அறைந்திருக்கலாம். முன்னூறு பேர் மூத்தவளைத் தேடி வந்திருக்கிறார்கள். இவளோ வாசலிலேயே உட்கார்ந்து அத்தனை பேரையும் தனதாக்கிக்கொண்டாள். கூலியாகக் கொடுத்தது அக்காவின் மானத்தை.

“கடவுச்சொல்ல எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பு.”

“அக்கா, நல்லதுக்குத்தான்…”

“கெளம்புடி.”

அவள் போனபிறகு மூத்தவள் கடிதங்களைத் திறந்தாள். முதலில் இருந்தது முந்தின நாள் வந்தது. ‘நீங்கள் அடித்ததைச் சொன்ன பிறகுதான் நான் என் அப்பாவை அடித்ததை என் தம்பியிடம் சொன்னேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.’

அடுத்ததிலும் நன்றி. அதற்கடுத்ததிலும் நன்றிதான். எல்லாம் அவள் பெயருக்கு, அவள் எழுதாத வார்த்தைக்கு.

அத்தனை பேருக்கும் ஒரே கடிதமாக எழுத உட்கார்ந்தாள். ‘இதுவரை உங்களுக்குப் பதில் எழுதியது நான் அல்ல’ என்று எழுதினாள். எல்லாம் பொய் என்று முடித்துவிட்டால் மானமாவது மிஞ்சும். ‘எல்லாம்’ என்று எழுதி, அழித்தாள். பக்கத்து அறையில் அவர் இடது கையால் கட்டிலைத் தட்டினார், தண்ணீர் வேண்டுமாம். போய்க் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு, அந்த வலது கையைப் போர்வைக்குள் எடுத்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

‘அடித்தது நான்தான்’ என்று எழுதி அனுப்பினாள்.