புயலுக்கு முந்தைய பொன்னாடை

சரண்யா காலையிலிருந்தே அழுகையை அடக்கிக்கொண்டு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தாள். தம்பி சார்லஸ் நாளைக்கு மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். போனால் இரண்டு வருஷத்துக்கு வரமாட்டான். டிரம்ஸை அங்கே யார் தூக்கிக்கொண்டு போவது? வில்லியனூர்ப் பையன்கள் நாலு பேர் ஒன்றரை வருஷமாக உருட்டிப் புரட்டிச் செய்த அந்த நீளமான ராக் பாட்டு, அவன் கையால், ஜனங்களுக்கு முன்னால், வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே மூச்சில் பதிவாக வேண்டும். வெட்டு ஒட்டுக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவளே அவள்தான். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

பாட்டு என்றால் லேசுப்பட்ட பாட்டு இல்லை. தாளம் ஏழில் போகும், திடீரென்று ஐந்துக்குத் தாவும். நம்பித் தலையாட்டினால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். பைபிளில் வருகிற கடல் புயல்தான் கதை. கப்பல் முழுகப்போகிறது என்றதும் கப்பல்காரர்கள் ஆளாளுக்குத் தங்கள் சாமியைக் கூப்பிட்டு அலறுகிறார்கள். அதற்கு முன்னால் காற்று செத்துப்போய் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். பையன்கள் தாளத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டு ஒரு நிமிஷம் கம்மென்று இருப்பார்கள். அப்புறம் டிரம்ஸ் வெடிக்கும், பாடகன் அன்புராஜ் அலறுவான். அலறுவானாம்! ஒத்திகையில் அவன் அலறியதெல்லாம் டீக்கடையில் இன்னொரு டீ சொன்ன மாதிரிதான் இருந்தது.

மண்டபம் கொடுத்தவர் பாகூர்ப் பக்கம் கரும்பு போடும் சிங்காரவேலு. சார்லஸ் அவர் மகனோடு படித்தவன்.

"வாடகயெல்லாம் வேணாம் பாப்பா. மேடைல ஏறி புள்ளைங்களுக்கு ஒரு பொன்னாட போத்தறேன், அது போதும். சாயங்காலம் கல்யாண பார்ட்டி வருது, அதுக்குள்ள முடிச்சிக்குங்க."

"பாட்டு முடிஞ்சதும் மேல வந்துடுங்க மாமா," என்றாள் சரண்யா. நடுவில் ஒரு மௌனம் உண்டு என்று சொல்ல மறந்துபோனாள். வந்த வினை அதுதான்.

மத்தியானம் மண்டபம் நிறைந்துவிட்டது. வில்லியனூர் சர்ச் சபைக்காரர்கள் பாதி, சிங்காரவேலுவின் சொந்தபந்தம் பாதி. சத்தம் பதிவாகும் என்று மின்விசிறிகளை நிறுத்திவிட்டதால் எல்லோரும் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தார்கள். சரண்யா மேடைக்குக் கீழே லேப்டாப் முன்னால், காதில் ஹெட்போனோடு, சுற்றிலும் ஒயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு பிரமாதமாகப் போனது. சார்லஸ் கை அன்றைக்குப் பேசியது. பெருமையில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பாட்டில் காற்று நின்றது. வாத்தியமெல்லாம் நின்றன. முன்வரிசையில் சிங்காரவேலு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

சரண்யாவுக்கு உயிரே போய்விட்டது. கத்த முடியாது, மைக் எல்லாவற்றையும் பிடித்துவிடும். ஓட முடியாது, காலில் ஒயர். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அதை 'வாங்க' என்று கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டு, சரிகைப் பொன்னாடைகளோடு பூனை மாதிரி மேடை ஏறினார். பொன்னாடையைப் பார்த்தால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்குமா? தட்டுவதற்குக் கைகள் உயர்ந்தன. தட்டினால் எல்லாம் போச்சு. சரண்யா கூட்டத்தின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்சினாள்.

வணக்கம் வைத்தால் திருப்பி வைக்காமல் இருப்பது மரியாதையா? மண்டபமே சத்தமில்லாமல் அவளைக் கும்பிட்டது. கும்பிட்ட கையால் யாரும் தட்டவில்லை.

மேடையில் சிங்காரவேலு சார்லஸுக்குப் பொன்னாடை போர்த்தி, மடிப்பைச் சரிசெய்து, யாரோ நீட்டிய செல்போனைப் பார்த்துப் புன்னகையோடு அசையாமல் நின்றார். அன்புராஜ் வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். சார்லஸ் மட்டும் எண்ணிக்கை விடவில்லை. பொன்னாடையோடு கையைத் தூக்கினான்.

டிரம்ஸ் வெடித்தது.

"ஐயோ முருகா, காப்பாத்துப்பா!"

அடிவயிற்றிலிருந்து வந்த அலறல். கையிலிருந்த மிச்சப் பொன்னாடைகள் பறக்க, சிங்காரவேலு அன்புராஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். புயல் அவர்களைச் சுற்றி அடித்துக்கொண்டே போனது. ஒருத்தனும் தாளம் தப்பவில்லை. சரண்யா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், கண்ணில் நீர் ஊற்றியது.

பாட்டு நிஜமாகவே முடிந்து கைதட்டலும் ஓய்ந்ததும் சிங்காரவேலு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளிடம் வந்தார்.

"ஒங்க சாமி பாட்டுல எங்க சாமிய கூப்ட்டுட்டேன் பாப்பா. தப்பா எடுத்துக்காத. அத மட்டும் அழிச்சிடு."

அவள் ஹெட்போனை அவர் தலையில் மாட்டி அந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள்.

"கப்பல்ல இருந்தவங்க அவங்கவங்க சாமியதான் கூப்ட்டாங்க மாமா. பாட்டே அதான். இந்த அலறலுக்குத்தான் ஒன்ற வருஷமா அல்லாடிகினு இருந்தோம்."

அவர் இரண்டு தரம் கேட்டார். நெஞ்சு நிமிர்ந்தது.

"இன்னொரு தபா வேணும்னாலும் சொல்லு, வரேன்," என்றார். அன்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சார்லஸ் பொன்னாடையைக் கழற்றாமலேயே வந்து அவள் பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, அந்த எடத்த மட்டும் தனியா வெட்டி என் போன்ல போட்டுக் குடு."

"இன்னாடா இது? நீ அடிச்ச அடியெல்லாம் வேணாமா?"

"அது என் கையிலயே இருக்குது. அங்க போயி ஊரு நெனப்பு வந்தா நான் இத கேட்டுக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சரண்யாவும் சிரித்தாள், காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகையும் கூடவே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முதல் வேலையாக அந்த இடத்தை வெட்டினாள்.