இடப்பக்கம் இழுத்த வண்டி

காவிரிப் பாலத்தில் ஏறியதும் வேதவதி வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டாள். யாரும் சொல்லிக்கொடுத்த சாய்வு அல்ல. சில மாதங்களாக அந்தப் பழைய பிக்கப் வண்டி, தாகமெடுத்த மாடு தண்ணீரைப் பார்த்து நகர்வதுபோல, பாலத்தின் இடது கைப்பிடிச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அவள் கணவர் யதிராஜன் ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுப்பார். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு வண்டி வேண்டியதைவிட அதிகமாக வலப்பக்கம் போகும். பின்னால் காலிச் சாப்பாட்டு கேரியர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

மொபெட்டில் வந்த ஒரு பெண் ஜன்னலுக்கு நேராக வந்து, "ஐயா, தூக்கம் வந்தா வீட்ல போய்த் தூங்குங்க!" என்று கத்திவிட்டுப் போனாள்.

யதிராஜன் வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். இடது கை விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டார். வேதவதி ஆற்றைப் பார்ப்பதுபோல அந்த விரல்களைப் பார்த்தாள்.

அந்த விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தது போன கோடையில். புத்தூரில் ஒரு டாக்டர், கழுத்தெலும்பு நரம்பை அழுத்துகிறது என்றார், பயிற்சி சொல்லிக்கொடுத்தார், பார்த்து ஓட்டுங்கள் என்றார். வண்டி இழுக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய அப்போதுதான். எது முதலில் என்று இருவருக்கும் நினைவில்லை. வேறொரு கடையில் இரண்டு தடவை சக்கர அலைன்மெண்ட் பார்த்தாயிற்று. கொஞ்ச நாள் நேராகப் போகும், மறுபடி பழைய குணம்.

புனேயிலிருந்து மகன் தேசிக் நேற்றுப் பேசினான். "ஞாயித்துக்கிழமை வரேன்மா. வண்டியை வித்துடலாம். அப்பா கையில கோளாறை வெச்சுண்டு வண்டி மேல பழி போட்டா எப்படி? யாரையாவது இடிச்சுட்டா? நீயே பாத்து நிஜத்தைச் சொல்லு. நீ சொன்னா நான் கேட்டுக்கறேன்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் பிள்ளைகள் வெளியூரிலிருக்க, தனியாக இருக்கும் கிழவர்களுக்கு வேதவதி வீட்டுத் தளிகைதான் தினமும் சாப்பாடு. விடிவதற்குள் அவள் சமைப்பாள், அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். வண்டி போனால் அவர் காலையில் எழுந்து என்ன செய்வார் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. நினைத்துப் பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தது.

உறையூரில் மெக்கானிக் அன்புச்செல்வனின் பட்டறை வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை.

"வாங்க சாமி. மாமியும் கூட வந்திருக்கீங்க, அப்ப கேஸ் பெருசுதான்."

"முதல்ல நீ ஓட்டிப் பாருப்பா" என்றாள் வேதவதி. அவரை முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். யதிராஜன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோளாறு வண்டியிலா கையிலா என்று பார்க்கிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அன்புச்செல்வன் ஒரு சுற்றுப் போய் வந்து இறங்கி நெற்றியைத் துடைத்தான். "குடிகாரனைத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கிற மாதிரியில்ல இருக்கு. இதை வெச்சு எப்படி சாமி பாலம் தாண்டுனீங்க?"

யதிராஜன் சிரித்தார். வேதவதிக்கு மூச்சு வந்தது, பாதி மூச்சு. வண்டியில் கோளாறு இருப்பதால் கையில் இல்லை என்று ஆகிவிடாதே.

முன்சக்கரங்களுக்கு அருகே உள்ளங்கையை வைத்து, "ஒரு பக்கம் பிரேக் பிடிச்சுக்கிட்டிருக்கும், சூடு தெரியும் பாருங்க" என்றான் அன்புச்செல்வன். தெரியவில்லை, இரண்டும் ஒரே சூடு. காற்றும் சரியாக இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, முன்னால் இருந்த இரண்டு சக்கரங்களையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டான்.

"எதுக்குப்பா?"

"கோளாறு சக்கரத்தோட போகுதா, வண்டியிலயே நிக்குதான்னு பாக்கத்தான் மாமி."

மறுபடி ஓட்டினான். இப்போது வண்டி வலப்பக்கம் இழுத்தது. "மாட்டிக்கிச்சு! இழுக்கிறது டயர்" என்று கத்திக்கொண்டே வந்தான். "ஆனா அலையுறது நிக்கல. அது வேற."

ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவளை ஸ்டியரிங் முன்னால் உட்காரச் சொன்னான். கல்யாணமான நாளாக அவள் அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை.

"இந்தப் பக்கம்… அந்தப் பக்கம்… தொட்டில் ஆட்டுற மாதிரி மெதுவா."

ஆட்டினாள். கை ஒரு சாண் போனது. சக்கரம் அசையவே இல்லை. பிறகுதான் சோம்பலாக அசைந்தது. இத்தனை நாள் அவர் இதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாரா? வெறும் காற்றைத் திருப்புவதுபோல இருந்தது அவளுக்கு. தோள்பட்டை அதற்குள் வலித்தது.

"இடது டை ராடு எண்டு போச்சு!" என்றது அடியிலிருந்து வந்த குரல். "ஸ்டியரிங் சொல்றதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோறதே அதான். அது லொடலொடன்னு ஆடுறப்ப அலைன்மெண்ட் பாத்து என்ன புண்ணியம்?"

வெளியே வந்தவன், முன்பு இடப்பக்கம் இருந்த டயரை உருட்டி வந்து காட்டினான். வெளி ஓரம் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. உள் ஓரம் புதிதுபோல இருந்தது.

"சாமி, தப்பா நினைக்காதீங்க. நீங்க இடப்பக்கம் திரும்புறதே இல்லையா?"

யதிராஜன் டயரைப் பார்த்தார். வேதவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கேர்ந்து திரும்புவார்? உத்தர வீதி, சித்திரை வீதி, எல்லாம் பிரதட்சிணமாத்தான். பெருமாளை வலப்பக்கம் வெச்சுண்டுதான் போவார். ஒரு ஆத்துல கேரியர் குடுக்க மறந்துட்டா, நாலு வீடு பின்னால வரமாட்டார். நாலு வீதியும் திரும்பச் சுத்திண்டுதான் வருவார்."

"லோடோடயா?"

"லோடோடதான்."

"அதான் எல்லாப் பாரமும் இடது சக்கரத்து வெளி ஓரத்துலயே உக்காந்திருக்கு. அப்பப்ப எதிர்ப்பக்கமாவும் சுத்துங்க சாமி."

"அப்பிரதட்சிணமாவா?" என்றார் யதிராஜன். ஊரை விட்டுப் போகச் சொன்னதுபோல இருந்தது அவர் குரல்.

"சரி விடுங்க. டயரையாவது அடிக்கடி மாத்திப் போடுங்க."

புது இணைப்பும் டயர்களும் போட்டு, அலைன்மெண்ட் பார்த்து முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. முக்கொம்பு போகிற ரோட்டில், குடமுருட்டிப் பாலம் தாண்டி, அன்புச்செல்வன் ஸ்டியரிங்கை விட்டுக் கைகளைத் தூக்கிக் காட்டினான். வண்டி நூல் பிடித்தாற்போலப் போனது. ஓரமாக நிறுத்தி, "இப்ப நீங்க வாங்க சாமி" என்று இறங்கி, இடது கதவோரம் வந்து ஏறிக்கொண்டான். வேதவதி நடுவில் இருந்தாள்.

யதிராஜன் எடுத்தார். சற்று தூரத்தில் வண்டி மெல்ல வலப்பக்கம் ஒதுங்கியது. எதிரே வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது. அவர் திருத்தினார். மறுபடி வலப்பக்கம்.

அன்புச்செல்வன் ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டத்தைப் பார்த்தான். வேதவதி அவர் கைகளைப் பார்த்தாள். இடது கைக்குத் தெம்பில்லை, வலது கை மட்டும் இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் சொல்ல வேண்டும். அப்படியே பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளலாம் போல அலுப்பாக இருந்தது.

சாய முடியவில்லை. அவள் ஏற்கெனவே சாய்ந்திருந்தாள். அவர் தோளில் தோள் படும்படி, வலது பக்கமாக. வண்டி இழுக்காதபோதும்.

"ஏன்னா, நிறுத்துங்கோ. ஒரே ஒரு கையால ஓட்டுங்கோ. முதல்ல வலது கை."

"என்னடி இது?"

"சக்கரத்தை மாத்திப் பாக்கலையா? அதே மாதிரிதான். ரோடு காலியாத்தான் இருக்கு, மெதுவா."

வலது கையால் ஓட்டினார். வலப்பக்கம் போனது. "இப்ப இடது கை மட்டும்" என்றாள். அவர் வலது கையை மடியில் போட்டுக்கொண்டார். மரத்த விரல்கள் ஸ்டியரிங்கைப் பற்றின. வண்டி அதேபோல, அதே அளவு, வலப்பக்கம் ஒதுங்கியது.

"அந்தக் கையும் வலப்பக்கந்தானே திருப்பறது!" என்றாள் வேதவதி. "தெம்பில்லாத கை எப்படித் திருப்பும்? ரெண்டும் ஒரே தப்பைப் பண்றது. பழைய பழக்கத்துல, இழுக்காத வண்டியைப் பிடிச்சு நிறுத்திண்டிருக்கேள். நானும்தான் பாருங்கோ, கோணலா உக்காந்திருக்கேன்."

அன்புச்செல்வன் தொடையில் தட்டிக்கொண்டான். "மாமி, நாளைக்கே பட்டறைக்கு வேலைக்கு வந்துருங்க."

யதிராஜன் பிடியைத் தளர்த்தினார். வண்டி நேரானது. மறுபடி பிடி இறுகியது, வண்டி ஒதுங்கியது, மறுபடி தளர்த்தினார். வண்டியைத் திருப்பிக்கொண்டு குடமுருட்டி வருவதற்குள் ஒதுங்குவது குறைந்திருந்தது.

அன்புச்செல்வனை உறையூரில் இறக்கிவிட்டுக் காவிரிப் பாலத்தில் ஏறியபோது தேசிக் கூப்பிட்டான்.

"வண்டிதான்டா" என்றாள்.

"நிஜமாவா? நன்னாப் பாத்தியா?"

"ரெண்டு கையையும் தனித்தனியா பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை வந்து நீயே பக்கத்துல உக்காந்து பாரு. கை திரும்ப மோசமானா நானே நிறுத்தச் சொல்லுவேன்."

அது அவர் காதிலும் விழட்டும் என்றுதான் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

வடக்குச் சித்திரை வீதியில் பாதி தாண்டிய பிறகு யதிராஜன் பிரேக் போட்டார். "ராஜலக்ஷ்மி மாமி ஆத்துல காலி கேரியர் வாங்கலையே."

வீடு பின்னால் நான்கு வாசல் தள்ளி இருந்தது. வேதவதிக்கு முதுகு வலித்தது. போய்ப் படுத்தால் போதும். அவர் அவள் முகத்தைப் பார்த்து, "வேணா பின்னாடியே…" என்று ஆரம்பித்தார்.

"சுத்துங்கோ" என்றாள் அவள். "நேரா ஓட்டறது அந்தக் கைகளுக்கும் கொஞ்சம் பழகட்டும்."

முதல் வளைவில் வண்டி வலப்பக்கம் திரும்பியது. திரும்பி முடித்ததும், நேராகப் போயிற்று.