கோலப்பனுக்கு வந்த போன்

1938-ஆம் வருடம் ஐப்பசி மழையில் கோட்டாற்றுக் கடைத்தெருவில் யேசுரத்தினத்தின் ஜவுளிக்கடைக்கு டெலிபோன் வந்து சேர்ந்தது. சுவரில் அறைந்த மரப்பெட்டி, பக்கத்தில் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி, காதில் வைக்க ஒரு குழல். அந்த வரிசையில் வேறு எந்தக் கடையிலும் அது கிடையாது. ஆனியில் பணம் கட்டி நம்பர் வாங்கிய அன்றே யேசுரத்தினம் பெயர்ப்பலகையை இறக்கி, தன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போன் நம்பரை எழுதச் சொல்லி மறுபடி ஏற்றியிருந்தார்.

ஆனால் மணி அடித்தால் அவருக்குக் கை ஓடாது. முகம் தெரியாத ஒருவரிடம் எப்படிப் பேசுவது என்பதே அவர் சங்கடம். எழுந்து நின்று, தோள்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, "தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு முழிப்பார். ஆகவே அந்த வேலை அவர் மனைவி செல்லபாய் தலையில் விழுந்தது. அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசை. குரல் கணீரென்று இருக்கும். கடைக்குப் பின்னாலேயே வீடு என்பதால், மணி கேட்டதும் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வந்துவிடுவாள்.

முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒருநாள் காலை திருவனந்தபுரத்திலிருந்து டிரங்க் கால்.

"சுசீந்திரம் கோலப்பன் உண்டா அங்க?" என்றது ஒரு கரகரத்த ஆண் குரல்.

"இல்லியே. இது கோட்டாறு ஜவுளிக்கடையாக்கும்."

"நம்பர் இதுதான. ஆளைக் கூப்பிடணும்."

"அப்படி ஒரு ஆளு இங்க கிடையாது," என்று சொல்லிக் குழலை மாட்டினாள்.

மறுநாள் அதே குரல். அடுத்த நாளும். பேசுகிறவன் பெயர் ஜான்ரோஸ். கடன் கொடுக்கிற ஒரு கம்பெனியில் பாக்கி வசூல் செய்யும் குமாஸ்தா. கோலப்பன் என்பவர் சோடா மிஷின் வாங்கப் பணம் எடுத்திருக்கிறார். மனுவில் இந்த நம்பரைக் கொடுத்திருக்கிறார். வாங்கியதோடு சரி, ஆளைப் பிடிக்க முடியவில்லை. செல்லபாய் எத்தனை தடவை மறுத்தாலும் ஜான்ரோஸ் நம்புவதாக இல்லை. கோலப்பனைத் துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒளித்து வைத்துக்கொண்டு அந்த அம்மாள் பேசுகிறாள் என்றே அவன் முடிவு கட்டியிருந்தான்.

"கடனை வாங்கிட்டு பொம்பளையளை விட்டுப் பேச வைக்கது நல்லாவா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டான்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒரு சனிக்கிழமை அவள் மீன் கழுவிக்கொண்டிருந்த நேரம் மணி அடிக்க, சேலை பார்க்க வந்த முத்துக்கனி ஆசையில் குழலை எடுத்துக் காதில் வைத்தாள். "வாங்கின ரூவாய எப்பம் கெட்டப் போறிய?" என்று அது அதட்டியது. முத்துக்கனி எடுத்த சேலையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லியே தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "கடன் பாரத்தில் அமிழ்ந்திருக்கும் எங்கள் ஜவுளி வியாபாரிச் சகோதரனை நினைத்தருளும்" என்று உருக்கமாக ஜெபித்தார். சபையில் ஜவுளி வியாபாரி ஒருவர்தான். யேசுரத்தினம் கண்ணைத் திறக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை, கடைக்கு வேட்டி கொண்டுவந்து போட்டுவிட்டு மாதக் கடைசியில் பணம் வாங்கிப் போகும் வேட்டிக்காரர் வந்து, "இனிமே கையில காசு, கையில வேட்டி, ஒண்ணும் நெனச்சுக்கிடப்படாது" என்றார்.

அன்று மத்தியானம் யேசுரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"செல்லம், இந்தச் சவத்தைக் கழற்றிக் கொடுத்துருவோம்."

"எதுக்கு? நாமளா கடன் வாங்கினோம்?"

"ஊரு அப்படியாக்கும் பேசுது."

"போனைக் கழற்றினா, போனுக்குக் கெட்டவும் பணம் இல்லன்னு பேசும். நீங்க சாப்பிடுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

என்ன செய்வது என்று அப்போது அவளுக்கும் தெரியாது. ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் ஒன்று தோன்றியது. டிரங்க் கால் என்றால் மூன்று நிமிடத்துக்கு ஒரு கட்டணம். அதையும் கூப்பிடுகிறவர்தான் கட்ட வேண்டும்.

மறுநாள் ஜான்ரோஸ் கூப்பிட்டான். "கோலப்பன் உண்டா?"

"தேடிப் பாக்கேன். நிக்கீளா?" என்றாள் செல்லபாய், தேனாக.

குழலை மேசையில் வைத்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வராது. தேடுகிறேன் என்றால் தேடத்தான் வேண்டும். ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்தாள். பட்டுக்குப் பின்னால் பார்த்தாள், மல் துணிக்குப் பின்னால் பார்த்தாள், கோணியைத் தூக்கிப் பார்த்தாள். நடுவில் வந்த ஒருவருக்கு ஜம்பர் துணி கிழித்துக் கொடுத்தாள். மேசையிலிருந்து, "ஹலோ, ஹலோ" என்று வண்டு மாதிரிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு திரும்பி வந்து, "எல்லா இடத்திலேயும் பாத்தாச்சு. கோலப்பன் இல்ல," என்றாள்.

அதற்கடுத்த நாளும் தேடினாள். வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கிணற்றடியில் எட்டிப் பார்த்தாள். யேசுரத்தினம் கல்லாவில் உட்கார்ந்து வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார். பல நாட்களுக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்து அவளுக்கு இன்னும் உற்சாகம் ஏறிவிட்டது. ஜான்ரோஸும் விடாக்கண்டன், ஆள் வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில் நேரத்தை நீட்டிக்கொண்டே இருந்தான்.

இப்படியே சில நாள் நடந்தது. பிறகு ஒருநாள் அவன் குரல் இறங்கி வந்தது.

"அக்கா, தேடப் போவண்டாம். ஒரு நிமிசம் நில்லுங்க. போன் பில்லைப் பாத்துட்டு மேனேஜர் கத்துகாரு. எனக்க சம்பளத்துல பிடிப்பாராம்."

செல்லபாய்க்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வந்த வேகத்திலேயே அது போய்விட்டது.

"உங்களுக்கு எந்த ஊரு தம்பி?"

"மார்த்தாண்டம் பக்கம். வேலைக்குச் சேந்து வருசம்கூட ஆவல்ல. நான் நல்ல மாதிரிக் கேட்டா ஒருத்தரும் தாறதில்ல. அதாக்கும் சத்தம் போடுகது." கொஞ்சம் தயங்கிக் கேட்டான். "சத்தியமா அங்க கோலப்பன் இல்லியா?"

"சத்தியம் பண்ணப்படாதுன்னு வேதத்துல இருக்கு. ஆனாலும் சொல்லுதேன், சத்தியமா இல்ல."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது.

"நீங்க இனி கூப்பிடாதீங்க," என்றாள் அவள். "நான் அந்த ஆளைக் கண்டுபிடிக்கேன். பிடிச்சிட்டு நானே கூப்பிடுதேன். காசு எனக்க... எங்க கணக்குல போவட்டும்." அவனுடைய பேச்சு தன் நாக்கிலும் ஒட்டிக்கொண்டதை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கடைப் பொறுப்பை யேசுரத்தினத்திடம் விட்டுவிட்டு சுசீந்திரம் பஸ் ஏறினாள். மழை விட்டிருந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயல் நிறையத் தண்ணீர். சோடாக்காரர் வீடு எது என்று கேட்டதும் ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்தைக் காட்டினார்கள். வாசலில் காலி சோடாக் குப்பிகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. ஒல்லியான ஒரு மனிதர் குப்பி கழுவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பாதி எழுந்து பின்பக்கம் பார்த்தார். வந்திருப்பது பெண்பிள்ளை என்பதால் ஓடுவதா நிற்பதா என்று அவருக்கு முடிவாகவில்லை.

"கோலப்பன் வீடு இதுதானா?"

"ஆமா. ஆனா அவரு ஊர்ல இல்ல. வள்ளியூருக்குப் போயிருக்காரு. எப்பம் வருவாருன்னு தெரியாது."

"சரி, அப்பம் நான் வாறேன். அவருக்கு எங்க கடைக்கு ஒரு போன் வந்துது, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் கையிலிருந்த குப்பி அப்படியே நின்றது. "போனா? எனக்கா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. முகம் சுண்டிப்போயிற்று. உள்ளேயிருந்து அவர் மனைவி தாணம்மாள் வெளியே வந்தாள்.

"வள்ளியூர்லேருந்து வந்தாச்சா?" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டுவிட்டு, "உள்ள வாங்கக்கா" என்று செல்லபாயைக் கூப்பிட்டாள்.

விஷயம் முழுக்கத் தாணம்மாள் வாயிலிருந்துதான் வந்தது. மிஷின் வாங்கியது ஆடியில். கையில் காசு புரளும் முன்னே மழை பிடித்துக்கொண்டது. மழையில் சோடா யார் குடிப்பார்கள்? கம்பெனி ஆட்கள் குடையும் கோட்டுமாக வந்து தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூவினார்கள். அதிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இவர் பின்சுவர் ஏறிக் குதித்துவிடுகிறார். "குதிச்சுக் குதிச்சு நான் போட்ட வெண்டைச் செடி பூராவும் போச்சு," என்றாள் தாணம்மாள். அவளுக்குக் கடனைவிட வெண்டைதான் அதிகம் வலித்தது போலிருந்தது.

"எங்க நம்பரை எதுக்குக் குடுத்தீங்க அண்ணாச்சி?" என்று செல்லபாய் கேட்டாள்.

கோலப்பன் தலையைச் சொறிந்தார். "கம்பெனில போன் உண்டான்னு கேட்டான். இல்லன்னா கடன் தராம போயிருவானோன்னு தோணிச்சு. அப்பம் திருவனந்தபுரத்துல கம்பெனிக்கு அடுத்த தெருவுல ஒரு லாட்ஜ்லதான் எனக்குத் தங்கல். மறுநாள் கம்பெனிக்கு ரெண்டாம் தடவை கூப்பிட்டுக் கேட்டப்பம், கோட்டாத்துல உங்க பலகைல பாத்த நம்பர் ஞாபகம் வந்துது. நல்ல பெருசா எழுதியிருந்துதுல்லா."

ஆனியில் போனுக்குப் பணம் கட்டியபோதே, பெட்டி வந்து சேரும் முன்னால் நம்பர் பலகையில் ஏறிவிட்டது அவளுக்கு நினைவு வந்தது. புருஷன் ஆசை செய்த வேலை. கோபப்படலாம் என்று வந்தவள், முடியாமல் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் தாணம்மாளும் சிரித்தாள். கோலப்பன் மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒளிஞ்சா தீராது," என்றாள் செல்லபாய். "கோட்டாத்துக்கு வந்து நீங்களே பேசுங்க."

"முகத்தைப் பாத்தா எனக்கு நாக்கு எழும்பாது அக்கா. காலுதான் எழும்பும்."

"போன்ல முகம் தெரியாது அண்ணாச்சி."

அவர் தலையைச் சொறிவதை நிறுத்தினார். முகம் தெளிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோலப்பனும் தாணம்மாளும் கடைக்கு வந்தார்கள். அவர் குளித்து, நெற்றி நிறையத் திருநீறும் சந்தனமும் இட்டு, சலவை வேட்டி உடுத்தியிருந்தார். செல்லபாய் கைப்பிடியைச் சுழற்றித் திருவனந்தபுரம் கேட்டாள். இணைப்பு வர வெகுநேரம் ஆயிற்று. ஜான்ரோஸ் குரல் கேட்டதும், "தம்பி, ஆளு வந்தாச்சு," என்று குழலை அவர் கையில் கொடுத்தாள்.

திருவனந்தபுரம் தூரத்தில் இருக்கிறது, அதற்குத் தக்கபடி பேசவேண்டும் என்று கோலப்பன் எண்ணியிருந்தார்.

"நான் சுசீந்திரம் கோலப்பன் பேசுதேன்" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் இறங்கி வந்தார். வண்டி பூட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு வந்தார்கள். முத்துக்கனியும் வந்தாள். "கடன் வாங்கினது நானாக்கும். இந்தக் கடைக்காரருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

யேசுரத்தினம் கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சுவர் ஏறிக் குதித்த மனிதரா இவர் என்று தாணம்மாளுக்கே ஆச்சரியம். எதிரே கண்ணும் மூக்கும் இல்லாததால் அவர் நாக்கு அவிழ்ந்துவிட்டது. மழையைப் பற்றிச் சொன்னார். தெருவில் நின்று கூவியது தப்பு என்றார். அந்தப் பக்கம் மரியாதையாகவே பதில் வந்தது போலும். அவர் குரலும் தணிந்தது. கடைசியில், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மாசம் பிறந்தா முப்பது ரூவா, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு," என்று அறிவித்தார்.

தாணம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். செல்லபாய் எட்டிக் குழலை வாங்கினாள்.

"தம்பி, ஆளுக கூடியிருக்காங்க, அவரு பெருமைக்குச் சொல்லுதாரு. தை மாசம் வரைக்கும் அஞ்சு ரூவா போடுங்க. வெயில் வந்த பெறவு பத்து. பத்துன்னா வரும். முப்பதுன்னா மறுபடியும் சுவர் ஏறுவாரு."

"மேனேஜர் கிட்ட கேட்டுச் சொல்லுகேன் அக்கா. நில்லுங்க," என்றான் ஜான்ரோஸ்.

இந்தத் தடவை காத்து நின்றது அவள். பிறகு அவன் மூச்சு வாங்க ஓடி வந்து, சம்மதம் என்றான். ஆள் கண்ணில் பட்டதே பெரிய காரியம் என்றாராம் மேனேஜர். தாமதத்துக்கு வட்டி போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாராம். செல்லபாய் அதை உரக்கச் சொன்னாள். கூடியிருந்தவர்கள் தங்களுக்கே கடன் தீர்ந்தது போலச் சந்தோஷப்பட்டார்கள். முத்துக்கனி மெதுவாக உள்ளே வந்து, முன்பு எடுத்து வைத்த சேலை இருக்கிறதா என்று கேட்டாள். வேட்டிக்காரர் மட்டும் இரண்டு நாள் கழித்து வந்தார். பழையபடி மாதக் கடைசியே போதும் என்று சொல்லிவிட்டு, கண்ணைப் பார்க்காமல் வெற்றிலை போட்டார்.

கோலப்பன் அந்தத் தவணையைத் தவறவிடவில்லை. பங்குனி வெயில் ஆரம்பித்ததும் குப்பி போதவில்லை. சுசீந்திரம் கோயில் சித்திரைத் தெப்பத்தன்று அவரும் தாணம்மாளும் உட்கார நேரமில்லாமல் விற்றார்கள்.

அந்தக் கோடையில் ஒருநாள் உச்சிவெயிலில் கடைக்கு ஒரு இளைஞன் வந்தான். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. என்ன துணி வேண்டும் என்று யேசுரத்தினம் கேட்டார்.

"துணி வேண்டாம். அக்காவைப் பாக்கணும்," என்றான்.

உள்ளே இருந்த செல்லபாய் அந்தக் குரலைக் கேட்டதும் அகப்பையைப் போட்டுவிட்டு வந்தாள். கரகரத்த குரலுக்கு மீசையும் தொந்தியுமாக ஒரு ஆளை அவள் கற்பனை செய்து வைத்திருந்தாள். இவனோ காற்றடித்தால் பறந்துவிடுவான்.

"ஜான்ரோஸா?"

"ஆமா அக்கா. நாகர்கோவில்ல ஒரு வசூல். முடிஞ்சுது. அப்படியே..." என்று நெளிந்தான்.

"சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டான். அவள் வாழையிலை அறுக்கப் பின்பக்கம் போனாள். யேசுரத்தினம் கல்லாவைப் பூட்டிவிட்டு, அவன் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப் போனார். அன்றைக்கு நெய்மீன் குழம்பு. ஜான்ரோஸ் மூன்றாம் தடவை சோறு வாங்கியபோது, சாளை மீன் கிடைக்காத நாளில் திருவனந்தபுரம் மெஸ்ஸில் என்ன போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். யேசுரத்தினம் அவன் இலையில் இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தார்.