ஒரு பனை தள்ளி

ஜான்ரோஸுக்கு அப்பன் விட்டுப்போனது ஒரு கட்டுமரமும், கடலுக்கடியில் ஒரு பாறையும். சிப்பி அப்பிக் கிடக்கும் அந்தப் பாறை மேலே தெரியாது. கடலிலிருந்து பார்க்கையில் மாதா கோயில் குருசு வேளிமலை இடுக்குக்கு நேரே வரவேண்டும். முனையில் நிற்கும் மூன்று பனைகளில் கரைப்பக்கத்துப் பனை, அலைக்கு மேல் தலைகாட்டும் ஆமைக்கல்லோடு ஒட்டவேண்டும். இரண்டு கோடும் கூடும் இடத்தில் மூழ்கினால் ஐந்து ஆள் ஆழத்தில் சிப்பி பெயர்க்கும் உளிக்கு வேலை இருக்கும்.

இந்த அடையாளத்தை அந்தக் கரையில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கேட்டால் கொஞ்சம் பிசகாகச் சொல்லி அனுப்புவார்கள். போனவன் வெறுங்கையோடு திரும்பி இரண்டு வசவு வைவான், அதோடு தீர்ந்தது.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் தங்கை செல்லபாய் வந்து கேட்டாள். அவள் கணவன் ஆபேலின் தூண்டிலில் ஒரு மாதமாக மீன் படவில்லை. அப்பனுடைய பாறையில் மகளுக்குப் பங்கில்லையா என்றாள். ஜான்ரோஸ் எல்லாம் சொன்னான். பனையை மட்டும் மாற்றி, நடுப்பனை என்றான்.

மறுநாள் விடிந்ததும் ஆபேல் உளியும் வலைப்பையுமாகத் தனியே புறப்பட்டான். "அளியா, சிப்பி இல்லேண்ணா மத்தியானம் ஒனக்க வீட்டுச் சட்டியிலதான் கை வைப்பேன், கேட்டியா" என்று மைத்துனன் ஜான்ரோஸைப் பார்த்துச் சிரித்தான்.

முனையில் ஒரு பனை மாறினால் கடலில் இரண்டு பர்லாங்கு மாறும். அங்கே இருப்பது நீருக்குள் மறைந்த கூர்ப்பாறை. கடல் அமர்ந்த நாளில் அதனால் கேடில்லை. அன்று பத்து மணிக்கே காற்று எழுந்துவிட்டது.

மற்றக் கட்டுமரங்கள் எல்லாம் கரையேறியும் ஆபேல் வரவில்லை. தேடிப்போக நான்கு மரங்கள் இறங்கின. எங்கே போனான் என்று மூத்தவர் ஞானையன் கேட்டார். நடுப்பனை என்று சொன்னால் கூடப்பிறந்தவளை ஏய்த்தது ஊருக்கே தெரியும். ஜான்ரோஸ் தன் பாறைக்கே அவர்களைக் கூட்டிப்போனான். நீரோட்டம் ஆபேலை அந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அங்கே ஒன்றும் இல்லை; எழுந்த அலைகளுக்கு அப்பால் எதுவும் தெரியவுமில்லை. சுற்றிச் சுற்றித் தேடியதில் இரண்டு மணி நேரம் போயிற்று.

திரும்பியபோது செல்லபாய் இடுப்பளவு நீரில் நின்றாள்.

"அண்ணே, நடுப்பனைக்கு நேரேதானே பாத்தீங்க? நீ சொன்னத அவரு வழியெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் போனாரு."

ஞானையன் துடுப்பை நீரிலிருந்து எடுத்தார். "நடுப்பனையா? நாம கரைப்பனைக்கு நேரேயில்லா நின்னோம்."

ஜான்ரோஸ் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். செல்லபாய்க்குப் புரிய ஒரு அலை வந்துபோகும் நேரம் ஆயிற்று. அவள் அழவில்லை. "போ" என்றாள்.

நடுப்பனைக்கு நேரே, கூர்ப்பாறைக்குச் சற்று அப்பால் ஆபேலின் மரம் ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதன்மேல் கவிழ்ந்து கிடந்தான். நழுவிவிடாதிருக்க நங்கூரக் கயிற்றால் இடுப்பை மரத்தோடு கட்டியிருந்தான். தொடை பாறையில் கிழிந்திருந்தது. வலைப்பை வெறுமையாக இருந்தது. கிழிந்த தலைத்துண்டால் காயத்தைச் சுற்றி, அது ரத்தத்தில் நனைந்ததும் மறுபடி சுற்றியிருந்தான்.

ஞானையன் அவனைத் திருப்பி, கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். கை தடையில்லாமல் மடங்கியது. அதை மறுபடி நீட்டி, மறுபடி மடக்கிப் பார்த்தார்.

"இன்னும் வெறைக்கல. இப்பந்தான் உசிரு போயிருக்கு" என்றார். அதை ஜான்ரோஸிடம் சொல்லவில்லை.