அந்த ஓட்டை யாருடைய துறை

ஒரு அடுப்பில் சாம்பார், இன்னொரு அடுப்பில் மீன்குழம்பு. மனுஷருடைய சரித்திரத்தையும் மண்ணு, கடல், தண்ணீருடைய சரித்திரத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று மெட்ராசிலிருந்து ஜீப் ஏறி வந்த இரண்டு புரொபசர்களுக்கும் ஒரு பந்தியில் சோறு இறங்காது. சரித்திரம் படித்த தட்சணாமூர்த்தி சைவம். மண் படித்த பக்தவச்சலத்துக்கு மீன் இல்லாமல் ஒரு வாய் போகாது. அவர் கூடாரத்தில் தின்பார், இவர் சவுக்குத் தோப்பு நிழலில் தின்பார். நடுவில் நான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். எனக்குள் அவர்களுக்கு நான் வைத்திருந்த பேர் சட்டி புரொபசர், மண்ணு புரொபசர். அதற்கு மேல் மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உப்பளத்தை ஒட்டிய மணல்மேட்டில்தான் அவர்கள் தோண்டினார்கள். எங்கே கால் வைத்தாலும் பழைய சட்டி ஓடு குத்துகிற மேடு அது. "இங்க ஒரு பெரிய ஊரே இருந்திருக்கு பொன்னம்மா. கப்பல் வந்து நின்ன ஊரு. ஏன் காலி பண்ணிட்டுப் போனாங்கன்னுதான் எங்க கேள்வி" என்பார் சட்டி புரொபசர். உயிரோடு பக்கத்திலேயே இருக்கிற ஊரைப் பார்த்து, ஏன் இன்னும் காலி பண்ணாமல் கிடக்கிறீர்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

மேட்டின் அடியில் எங்கள் ஊற்று இருந்தது. சுற்றிலும் உப்பாய்க் கிடக்கிற பூமியில் அந்த ஒரு குழியில் மட்டும் நல்ல தண்ணீர். குடிக்க அதுதான், கால் கழுவவும் அதுதான். பாத்தியில் நாளெல்லாம் நின்று உப்பு வாருகிறவள் கால் வெடிக்கும். வெடித்த இடத்தில் உப்பு புகுந்து குழி பறிக்கும். கரையேறினதும் நல்ல தண்ணீரில் கழுவினால்தான் மறுநாள் இறங்கலாம். உப்புக் கையை ஊற்றில் விடக்கூடாது என்பதால் தன் காலுக்குத் தானே யாரும் மொண்டுகொள்ள மாட்டாள். குடிக்கத் தண்ணீர் எடுக்க வந்தவள் யாராவது முதல் ஆளுக்கு ஊற்றுவாள். கழுவினவள் அடுத்தவள் காலுக்கு ஊற்றுவாள், அவள் அதற்கடுத்தவளுக்கு. என் தங்கச்சி ராசம்மாளுக்குக் குதிகாலில் புளியங்கொட்டை உட்காருகிற அளவுக்குப் புண். புருஷன் செத்தவள், மூன்று பிள்ளை. ரெண்டு நாள் இறங்கவில்லை என்றால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவான்.

ஊற்றை ஒட்டிக் குழி எடுக்க வேண்டும் என்றார் சட்டி புரொபசர். நல்ல தண்ணீர் இருந்த இடத்தில்தானே ஊர் இருந்திருக்கும்? அவர் எடுக்கிற அந்தக் குழிக்குள்ளேயே இரும்புக் குழாயை அடித்து இறக்கி அடிமண்ணை எடுக்க வேண்டும் என்றார் மண்ணு புரொபசர். அவருக்கு விவரம் தெரியாமல் இல்லை. "கீழ களி. களிக்குக் கீழ உப்புத் தண்ணி. குழாயை உருவின உடனே ஓட்டையை அடைச்சிடணும்" என்று என் காது கேட்கவே சொன்னார்.

குழாயை உருவினார்கள். உள்ளே அடுக்கடுக்காக மண் இருந்ததைப் பார்த்து ரெண்டு பேருக்கும் கல்யாணக் களை. சாப்பாட்டு நேரம் வந்தது. அவர் அந்தப் பக்கம் போனார், இவர் இந்தப் பக்கம் போனார். நான் பரிமாறினேன், தூங்கினார்கள். எழுந்து வந்தபோது குழி நிறையத் தண்ணீர், அது ஊற்றுக்குள் வழிந்துகொண்டிருந்தது. நான் ஒரு வாய் அள்ளிப் பார்த்துத் துப்பினேன். ஒரே உப்பு.

"இன்னா அய்யா இது? அடைக்கலியா?"

"குழி அவரோடது. அவர் ஆளுங்கதான் மூடணும்" என்றார் மண்ணு புரொபசர்.

"ஓட்டை போட்டது ஜியாலஜி. அதுல நான் எப்படிக் கை வைக்க முடியும்?" என்றார் சட்டி புரொபசர்.

த்தூ! இதற்கா அத்தனை படிப்பு? ஒரு பிடி களிமண் அய்யா. கையில் எடுத்து அமுக்க வேண்டியது. அதற்குக் கூட எந்தத் துறை என்று பார்க்கிற இவர்கள்தான் துறைகளைச் சேர்த்துப் படிக்க வந்தவர்கள்!

நானே இறங்கி, களியை உருட்டி அடைத்தேன். வருவது நின்றது, வந்தது வந்ததுதான். அப்போதுதான் சட்டி புரொபசர் ஊற்றுத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மலர்ந்தது.

"பக்தவச்சலம்! இதேதான் சார் நடந்திருக்கும்! நல்ல தண்ணி உப்பாயிருக்கு, ஜனங்க கிளம்பிட்டாங்க. நம்ம ரெண்டு பேரோட கேள்விக்கும் ஒரே பதில்!"

"பிரமாதம் சார்" என்றார் மற்றவர். கை குலுக்கிக்கொண்டார்கள். வந்த நாள் முதல் அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அது ஒன்றுதான்.

"எங்களுக்கு எப்போ நல்ல தண்ணி வரும்?" என்று கேட்டேன்.

"ஒரு நல்ல மழை பெய்ஞ்சா கழுவிக்கிட்டுப் போயிடும்மா" என்றார் மண்ணு புரொபசர். அது பங்குனி மாசம். மழை ஐப்பசியில். சட்டி புரொபசர் என் பக்கம் திரும்பி, ரொம்ப அக்கறையாக, "தண்ணி இல்லேன்னா நீங்கள்லாம் எந்தப் பக்கம் போவீங்க? கூனிமேடா, பெருமுக்கல்லா?" என்றார். அவர் கண்ணில் நான் அப்போதே செத்து, ஓடாகி, மண்ணுக்குள் போயிருந்தேன்.

பதில் கிடைத்துவிட்டதால் அன்றைக்கே மூட்டை கட்டினார்கள். ஜீப் கிளம்பும்போது பாத்திக் கரையேறி ராசம்மாள் வந்தாள். ஊற்றைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நேரே போய் ஜீப்பின் பம்பரில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, எழுந்திரு. நேரமாவுது" என்றார் மண்ணு புரொபசர்.

"கால் கழுவணும்."

ஜீப்பின் பின்னால் அவர்கள் குடிக்கத் திண்டிவனத்திலிருந்து கொண்டுவந்த தண்ணீர் கேன் இருந்தது. "எடுத்துக் கழுவிட்டுப் போயேன்" என்றார்.

"உப்புக் கை. நான் தொடக் கூடாது. நீ ஊத்து."

டிரைவர் மரியதாஸ் இன்ஜினை நிறுத்தினான். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மண்ணு புரொபசர் சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்தார்; நான் நகரவில்லை. கடைசியில் கேனைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். முதல் சொட்டு புண்ணில் பட்டதும் ராசம்மாள் பல்லைக் கடித்தாள். வெள்ளை வெள்ளையாய்க் கரைந்து ஓடிய உப்பு அவருடைய ஷூவுக்குள் இறங்கிற்று. அவள் அடுத்த காலை நீட்டினாள். சட்டி புரொபசர் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

வரப்பு மேல் மற்றப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், முழங்கால் வரைக்கும் உப்பு பூத்த கால்களோடு, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக.